அரசு தரப்பு ஒன்பதாம் சாட்சி

ஏ தம்பி, கண்டக்டர் தம்பி! இது நாசரேத் போவாதா? தூத்துக்குடியா! போர்டைப் பாக்காமலா ஏறுனியன்னு கேக்கான் பாருங்க. பாக்கலதான். இன்னைக்கு எனக்கு எழுத்தெல்லாம் துள்ளிக்கிட்டு நிக்கி, என்ன செய்ய? சரி, வல்லநாட்டுக்கு ஒண்ணு குடு. அங்க எறங்கி மாறிக்கிடுதேன்.

சிரிக்காதிய டீச்சர். டீச்சர்தான நீங்க? வெரல்ல செவப்பு மை இருக்கே. அந்தப் பரிச்சைப் பேப்பர் கட்டைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க, நான் உக்காந்துக்கிடுதேன். இந்தப் பொம்பளைக்குக் கோட்டி பிடிச்சிருக்கோன்னு பாக்கிய, தெரியுது. குடிச்சதெல்லாம் ரெண்டு ரோஸ்மில்க்குதான். அம்பத்திரெண்டு வயசு, சுகர் வேற. கேக்கலயே! இன்னைக்கு யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்.

எம் பேரு ஜெபக்கனி. ஸ்டாஃப் நர்ஸு. தாலுகா ஆஸ்பத்திரி. எந்தத் தாலுகான்னு கேக்கக் கூடாது. சொன்னா அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்சிரும். பேரும் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன், அதுதான் சட்டம். மத்ததெல்லாம் சொல்லுதேன். சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

பத்து வருஷம் டீச்சர்! கடுங்காவல்! பன்னெண்டே காலுக்கு ஜட்ஜம்மா வாசிச்சாவ. நான் கதவுக்கு வெளிய நிக்கேன். எனக்கு அங்க சோலியே கிடையாது, சாட்சி சொல்லி நாலு மாசம் ஆச்சு. அக்கா மகளுக்குப் பொண்ணு பாக்க வாராவன்னு லீவு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கேன். எனக்கு அக்காவே கிடையாது!

மொதல்ல இருந்து சொல்லுதேன். மூணு வருஷத்துக்கு முந்தி, பள்ளிக்கூடம் தெறந்த வாரம். திங்கக்கெழமை. திங்கக்கெழமைன்னா எங்க ஆஸ்பத்திரியில தேரோட்டம் மாதிரி கூட்டம் பாத்துக்கிடுங்க. நான் ஊசி போடுற ரூம்ல நிக்கேன். வரிசையில ஒரு பிள்ளை. இருவத்திமூணு வயசிருக்கும். சீட்டுல வயித்து வலின்னு எழுதியிருக்கு. வெயில் அந்தப் போடு போடுது, இவ துப்பட்டாவ இடுப்பச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கா. பெஞ்சு காலியா கெடக்கு, உக்கார மாட்டேங்கா.

இருக்கிறவங்களை எல்லாம் வெளிய பத்திவிட்டுட்டு, கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். "என்னம்மா ஆச்சு?"

"ஊசி வேண்டாம் சிஸ்டர். இங்க குளிக்க எடம் இருக்கா?"

நான் ஊசியக் கீழ வச்சுட்டேன். ஏன்னா, இதே கேள்விய எங்கிட்ட முன்னாலயும் கேட்டிருக்காவ. பத்து வருஷத்துக்கு முந்தி, வேற ஊருல, வேற ஒரு பிள்ளை. குளிக்கணும்னு அழுதா. அழுதா என்ன செய்வோம்? வெந்நி வச்சுக் குடுத்தேன். என் நைட்டியக் குடுத்தேன். அவ துணிய எல்லாம் நானே சோப்பு போட்டு, நல்லா கசக்கி, மொட்டை மாடியில காயப் போட்டேன். பளிச்சினு இருந்துச்சு. சவத்த விடுங்க. அதை எதுக்கு இப்ப.

இந்தப் பிள்ளைக்கு வாரேன். நான் சொன்னேன், "குளிக்கலாம்மா. கண்டிப்பா குளிக்கலாம், வெந்நி நானே வச்சுத் தாரேன். ஆனா கொஞ்சம் பொறுத்துக்கோ. ஒனக்கு யாரும் ஏதும் செஞ்சிருந்தா, அதுக்கு அடையாளம் ஒன் துணியிலயும் மேலுலயும் இருக்கும். தண்ணி பட்டா போயிரும். மொதல்ல அதை எடுத்து வச்சிருவோம். போலீசுக்குப் போறதும் போவாததும் ஒன் இஷ்டம். வைத்தியம் அதுக்காகக் காத்து நிக்காது."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேம்லா! மத்தியானச் சாப்பாடு நல்லாருக்கும்னுதான் போனேன். பொய் சொல்லப்பிடாது. ஆனா அங்க அவிய சொல்லச் சொல்ல நான் சோத்துப் பக்கமே போகல. ஒரு நோட்டு முழுக்க எழுதிட்டேன்.

அந்தப் பிள்ளை நாலே வார்த்தையில சொன்னா. வேலை பாக்கிற கடை. மேனேஜர். முந்தின நாள் சாயங்காலம். குடோன். என்ன கடைன்னு கேக்காதிய. வீட்டுக்குப் போயி குளிச்சா, அந்நேரத்துல ஏன் குளிக்கன்னு அம்மா கேப்பாவளேன்னு, உடுத்தினதோட விடிய விடிய அப்படியே படுத்துக் கெடந்திருக்கா. காலையில கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா.

பெரிய டாக்டர்ட்ட போயிச் சொன்னேன். அவரு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிருங்க சிஸ்டர், நமக்கு எதுக்கு"ன்னாரு. பெரிய ஆஸ்பத்திரின்னா ரெண்டு பஸ் மாறணும். "சார், அனுப்பக் கூடாதுன்னு ரூல் இருக்கு. நம்மதான் பாக்கணும். புதுசா வந்த லேடி டாக்டர் இருக்காவளே"ன்னேன். "அது சின்னப்பிள்ளை. கோர்ட்டு கேஸுன்னா வருஷக்கணக்கா அலையணும்"ன்னாரு. அப்ப எனக்கு எங்க இருந்து வாய் வந்துச்சோ! "சரி சார், எழுதிக் குடுங்க. ஏன் அனுப்புறோம்னு ஒரு காரணம் போடணும்லா? கோர்ட்டுக்கு அலைய முடியாதுன்னே போட்டுருங்க."

மொறைச்சாரு பாருங்க ஒரு மொறைப்பு. பேனாவ மூடி சட்டையில சொருகிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அதுதான் சம்மதம்.

லேடி டாக்டர் பேரு ஆயிஷா. மேலப்பாளையத்துப் பிள்ளை, இருவத்தாறு வயசு. எங்ககிட்ட வந்து ஆறாவது நாள். பீரோவுல அதுக்குன்னே ஒரு பெட்டி உண்டு, குச்சி, கண்ணாடித் தகடு, படிவமெல்லாம் இருக்கும். அதைத் தெறந்து வச்சுக்கிட்டு என்னைப் பாக்காவ. "சிஸ்டர், இதை நான் புக்குலதான் படிச்சிருக்கேன். கை நடுங்குது."

"நடுங்கட்டும் மேடம். படிவத்துல மொதக் கேள்வியில இருந்து வரிசையா போவோம்"ன்னேன்.

அந்தப் பெட்டியில எல்லாம் இருக்கு, துணி போட்டு வைக்கிற பேப்பர் உறையக் காணோம். பிளாஸ்டிக்ல போடவே கூடாது, நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதி வச்சிருக்கேன். என்ன செய்ய? என் பையில தங்கச்சி பிள்ளையளுக்கு நோட்டு அட்டை போட வாங்கின பிரவுன் பேப்பர் இருந்துச்சு. புத்தம் புதுசு, கட்டுப் பிரிக்கல. அப்பவே உக்காந்து மடிச்சு, ஆபீஸ் பசையைப் போட்டு ஒட்டி, ஏழு உறை செஞ்சுட்டேன். நோட்டுக்கு அட்டை போடாம அந்தப் பிள்ளைய ரெண்டும் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்துச்சுவ. ஒங்களை மாதிரி ஒரு டீச்சர்தான் அடிச்சிருப்பாவ, போங்க.

இனிமதான் கேக்கணும் நீங்க. ஆயிஷா டாக்டர் கைய எங்கயும் சும்மா வைக்கல. ஒவ்வொண்ணுக்கும் கேட்டாவ. "இப்ப துணிய வாங்கணும், இந்தப் பேப்பர் மேல நின்னு ஒவ்வொண்ணாத் தாரிங்களா?" "கழுத்துல இருக்கிற காயத்தைப் பாக்கட்டுமா?" "நகத்துக்கு அடியில எடுக்கட்டுமா?" அவ தலைய ஆட்டுதா. எனக்கு உள்ளுக்குள்ள அவசரம். இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்ப முடிக்கன்னு. சொல்லிரட்டுமா டீச்சர், நானா இருந்தா கேட்டிருக்க மாட்டேன். "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோம்மா"ன்னு சொல்லி முடிச்சிருப்பேன்.

கடைசியா உள்பரிசோதனை. "செய்யலாமா?"ன்னு கேட்டாவ. தலைய ஆட்டுனா. டாக்டர் கைய வச்சதுதான் தாமசம், "வேண்டாம்"னா. சத்தமே இல்ல. காத்து மாதிரி வந்துச்சு.

டாக்டர் கைய எடுத்துட்டாவ. எடுத்து, ரெண்டடி பின்னால போயி, கைய ரெண்டையும் அவளுக்குத் தெரியுற மாதிரி மேசை மேல வச்சுக்கிட்டு நின்னாவ. "சரிம்மா. இதை விட்டுருவோம். விட்டுட்டாலும் வைத்தியம் கெடைக்கும், ஒண்ணும் கொறையாது." அவ்வளவுதான் சொன்னாவ.

அந்தப் பிள்ளை டாக்டரோட கையவே பாத்துக்கிட்டு இருந்தா. எம்புட்டு நேரம்ங்கிய? சுவர்க் கடியாரத்துல பன்னெண்டு நிமிசம். நான் எண்ணிக்கிட்டு நிக்கேன். பொறவு அவளே, "இப்ப செய்யுங்க மேடம்"ன்னா. சின்னப்பிள்ளை ஆயிஷா, நெத்தியெல்லாம் வேர்வை, கை நடுங்கவே இல்ல.

முடிஞ்சு கவருக்கு அரக்கு வைக்கப் போனா, அரக்கு தீந்து போச்சு! நான் யூனிஃபார்மோட ரோட்டுல ஓடுதேன், போஸ்டாபீசுக்கு. போஸ்ட்மாஸ்டர் பயந்துட்டாரு, யாருக்கு என்னமோன்னு. "அரக்கு, அரக்கு!"ன்னு கத்துதேன். மறுநா ஊரெல்லாம், சிஸ்டருக்கு அவசரமா ரிஜிஸ்டர் தபால் அனுப்ப வேண்டியிருந்துச்சாம்னு பேச்சு. எங்க வீட்டுக்காரருக்கு விவாகரத்து நோட்டீசான்னு கூட ஒருத்தி கேட்டா!

பொறவு குளிப்பு. ரெண்டு வாளி வெந்நி வச்சேன். "வெளியவே நில்லுங்கக்கா"ன்னா. அதுவரைக்கும் சிஸ்டர், இப்ப அக்கா, கேட்டியளா! நின்னேன். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க உள்ள இருந்து, "இருக்கிங்களா?" "இருக்கேன்." "இருக்கிங்களா?" "இருக்கேன்மா." சும்மா இருக்கேன் இருக்கேன்னா போரடிக்கும்லான்னு நான் காய்கறி வெலை சொல்ல ஆரம்பிச்சேன். கத்திரிக்கா, சீனியவரை, சாம்பார் வெள்ளரிக்கான்னு. திடீர்னு உள்ள வீல்னு ஒரு சத்தம். "என்னம்மா? உள்ள வரட்டுமா?" கதவுல கைய வச்சுட்டேன். எனக்கு உசுரு போயிட்டு. பாத்தா, சிரிக்கா! "வேண்டாம்க்கா. தவளைக்கா. வாளிக்குப் பின்னால இருந்து என் காலுல குதிச்சிட்டு." எனக்கும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. கதவுக்கு அங்கிட்டு அவ சிரிக்கா, இங்கிட்டு நான் சிரிக்கேன், அந்தப் பக்கமா வந்த பெரிய டாக்டர் ரெண்டு பேருக்கும் கோட்டி பிடிச்சிட்டுன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு.

குளிச்சிட்டு வந்து ஆறு இட்லி தின்னா. கைய கழுவிட்டு, "போலீசக் கூப்பிடுங்கக்கா"ன்னா. அப்பதான், அதுக்கு முந்தி இல்ல.

போலீசுல இருந்து வந்த ஒருத்தர், "அந்தப் பொண்ணுக்கு முன்னாலயே பழக்கம் உண்டான்னும் ரிப்போர்ட்டுல எழுதிருங்க டாக்டர்"ன்னாரு. ஆயிஷா டாக்டர் நிமிந்து பாக்கல. எழுதிக்கிட்டே, "அதை எழுதக் கூடாதுன்னு சட்டம் சார். கேட்டவங்க பேரை வேணும்னா எழுதட்டுமா?"ன்னாவ. என் கூட ஒரு நாள் இருந்ததுக்கே அந்த வாயி!

கர்ப்பம் நிக்காம இருக்க மாத்திரை அப்பவே குடுத்தாச்சு. நோய் தொத்தாம இருக்க இன்னொரு மாத்திரை, அதை இருவத்தெட்டு நாளைக்கு ஒரு நா விடாமத் திங்கணும். ஒரு நா விட்டாலும் வம்பு. வீட்டுல ஆளு இருக்கும், போன்ல எப்படிக் கேக்க? நாங்க ஒரு பாஷை வச்சுக்கிட்டோம். சாயங்காலம் கூப்பிட்டு, "சாம்பார் வச்சாச்சா?"ன்னு கேப்பேன். "வச்சாச்சுக்கா." மாத்திரை தின்னாச்சுன்னு அர்த்தம். ஒரு நா, "சாம்பார் திரும்பிட்டுக்கா"ன்னா. வாந்தி! டாக்டர்ட்ட கேட்டு இன்னொண்ணு தின்னச் சொன்னேன். இருவத்தெட்டு நாளும் சாம்பார். எங்க வீட்டுக்காரரு, "அது எந்த வீட்டுச் சாம்பாரு, நமக்கு ஒரு நா வாங்கிட்டு வா"ன்னு கேட்டாரு.

கேஸு ரெண்டரை வருஷம் இழுத்துச்சு. நான் ஒன்பதாம் சாட்சி. கதவைச் சாத்தித்தான் விசாரிப்பாவ, வேடிக்கை பாக்க ஆளு கிடையாது. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், ஏன்னா நான் சொன்ன பதிலைக் கேக்க ஊரே இருந்திருக்கணும். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, "நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுற பேப்பர்ல தடயத்தைக் கட்டியிருக்கிங்க. ஒரு பிளாஸ்டிக் கவர் கூடவா ஒங்க ஆஸ்பத்திரியில இல்ல?"ன்னாரு. நான் சொன்னேன், "பிளாஸ்டிக்ல காத்துப் போவாது சார். ஈரம் வேர்த்து, பூசணம் பூத்து, இருக்கிற தடயமும் அழிஞ்சு போவும். நம்பலன்னா ஒங்க வீட்டுல கொத்தமல்லித் தழையப் பாலிதீன் பையில கட்டி வச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க." டைப் அடிக்கிற அம்மா சிரிச்சுட்டாவ. ஜட்ஜம்மா குனிஞ்சுக்கிட்டாவ. குனிஞ்சா சிரிக்காவன்னுதான அர்த்தம்?

வக்கீலுக்குக் கோவம் வந்துட்டு. "இந்த மாதிரி கேஸுல ஒங்களுக்கு முன் அனுபவம் உண்டா?"ன்னு கேட்டாரு.

நான் கூண்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். பொறவு சொன்னேன். "உண்டு சார். ஒரு பிள்ளை துணிய நானே தொவைச்சுக் குடுத்திருக்கேன். ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட் வந்துட்டு. நான் தொவைச்ச தொவையில எப்படி இருக்கும்? அவன் வெளிய வந்துட்டான். அந்தப் பிள்ளை ஊரை விட்டே போயிட்டு. அதனாலதான் இந்தத் தடவ எதைச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

வக்கீல் உக்காந்துட்டாரு. நான் ஏன் அதைச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேட்டாரு, சொல்லிட்டேன். சவத்த விடுங்க. எனக்கு இந்தக் கண்ணுல பஸ் காத்து அடிச்சா தண்ணி வரும், நீங்க ஒண்ணும் நெனைக்காதிய.

தீர்ப்பு எம்பத்திநாலு பக்கம் டீச்சர். அதுல என்னைப் பத்தி ஒரு எடத்துல வருது. "அரசு தரப்பு ஒன்பதாம் சாட்சியான செவிலியரின் சாட்சியம் இயல்பாகவும் நம்பத்தகுந்ததாகவும் உள்ளது." ஒரே ஒரு வரி. அரசு வக்கீல் கையில இருந்த பேப்பரை போட்டோ எடுத்துக்கிட்டேன், இந்தா பாருங்க போன்ல. பாக்கி எம்பத்திமூணு பக்கமும் என்னன்னு கேட்டியன்னா, பெரும்பாலும் அந்தப் பிள்ளை சொன்னதுதான். அவ ரெண்டு நாள் கூண்டுல நின்னு சொல்லியிருக்கா. ஒரு வார்த்தை மாத்தலயாம். ஆனாலும் உறை இல்லன்னா? ஆங்! அதைச் சொல்லுங்க.

வெளிய வந்தோம். நான், அந்தப் பிள்ளை, மதுரையில மேல்படிப்பு படிச்சுக்கிட்டிருக்கிற ஆயிஷா டாக்டரும் லீவு போட்டுட்டு வந்துட்டாவ, பொறவு அந்தப் பிள்ளையோட அம்மா. அந்தம்மா ரெண்டரை வருஷமா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்திருக்காவ. ஆனா மகளுக்குப் பக்கத்துல உக்கார மாட்டாவ. ரெண்டு பெஞ்சு தள்ளித்தான் உக்காருவாவ, தரையப் பாத்துக்கிட்டு. எனக்கு அவிய மேல கோவம். கூட வந்தும் இப்படித் தள்ளி உக்காந்தா என்ன அர்த்தம்?

"பசிக்குக்கா"ன்னா அந்தப் பிள்ளை. கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஓட்டல். நாலு பிரியாணி, ரோஸ்மில்க்கு. சாப்பாடு வாரதுக்கு முந்தியே எங்களுக்குச் சிரிப்பு. எதுக்குன்னு தெரியாது. டாக்டர் தண்ணி குடிக்கப் போயி டம்ளரைத் தட்டி விட்டாவ, சிரிப்பு. மின்விசிறி கிறீச்னு சத்தம் போட்டுச்சு, சிரிப்பு. எனக்கு விக்கல் எடுத்துட்டு, அதுக்கும் சிரிப்பு. பக்கத்து மேசையில கருப்புக் கோட்டு வக்கீலுவ எல்லாம் எங்களையே பாக்காவ. அந்தம்மா மட்டும் சிரிக்கல, முந்தானை ஓரத்த நீவி விட்டுக்கிட்டு இருந்தாவ.

சப்ளையர் பிரியாணித் தட்டை எல்லாம் வச்சுட்டு, சொம்புல தண்ணி கொண்டாந்தாரு. வயசான மனுசன், தோளுல துண்டு. "என்னம்மா இவ்வளவு சந்தோசம்? வீட்டுல கல்யாணமா?"

டாக்டர் என்னைப் பாக்காவ. என்ன சொல்ல, சொல்லுங்க? நான் வாயத் தெறக்கப் போறேன், ஒரு பொய் சொல்லிருவோம்னு. அதுக்குள்ள அந்தம்மா நிமிந்தாவ. நிமிந்து, அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து, "எம் மக கேஸுல ஜெயிச்சிருக்கா"ன்னாவ. அந்தம்மாவுக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ஓட்டலுக்கே கேட்டுச்சு.

"அப்படியா! என்ன கேஸு? எடத் தகராறா?"

அந்தப் பிள்ளை சொன்னா, "ஆமாண்ணே. ஒருத்தன் எல்லை தாண்டி வந்துட்டான்."

"என்ன தீர்ப்பு?"

"பத்து வருஷம் உள்ள."

அந்த மனுசன் தண்ணிச் சொம்ப மேசையில டொக்குனு வச்சுட்டாரு. "எல்லை தாண்டுனதுக்கா பத்து வருஷம்! எங்க பெரியப்பா மகன் வேலியத் தள்ளிப் போட்டு பதினாறு வருஷமாச்சு, இன்னும் வாய்தா வாய்தான்னு அலையுதேன்! யாரும்மா ஒங்க வக்கீலு?"

போச்சு! டாக்டருக்குப் பொரை ஏறிட்டு. நான் மேசையில கவுந்துட்டேன். அந்தப் பிள்ளை வயித்தப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, போங்கண்ணே"ங்கா. அந்தம்மா முந்தானையால வாயப் பொத்துதாவ, தோளு ரெண்டும் குலுங்குது. மொதல்ல அழுதாவன்னு நெனச்சேன். இல்ல டீச்சர், சிரிக்காவ. சிரிச்சுக்கிட்டே தன் தட்டுல இருந்த முட்டைய எடுத்து மக தட்டுல வச்சாவ.

சப்ளையருக்கு ஒண்ணும் புரியல. புரியாட்டாலும் நாங்க கேலி செய்யுறோம்னு கோவப்படல. துண்ட எடுத்துத் தோளு மாத்திப் போட்டுக்கிட்டு, அந்தப் பிள்ளையப் பாத்து நெசமாவே சொன்னாரு. "சிரிக்காதம்மா. நல்லது செஞ்ச. ஒரு அடியா இருந்தா என்ன, அரை அடியா இருந்தா என்ன, நம்ம எடம் நம்ம எடம்தான். விட்டுக் குடுக்கவே கூடாது."

அந்தப் பிள்ளை சிரிப்ப நிறுத்திட்டு அவரைப் பாத்தா. "ஆமாண்ணே"ன்னா. பொறவு அந்த முட்டைய ரெண்டாப் பிச்சு, பாதிய அம்மா தட்டுல போட்டுட்டு, மீதியத் தின்ன ஆரம்பிச்சா.